கடையில் ஓடும் அந்த இங்கிலீஷ் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் என்ற ஊரில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். பழுது பார்த்த ஸ்பீக்கர் பாக்ஸையோ ஆம்ப்ளிஃபையரையோ ஆள் கையில் கொடுக்கும் முன் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவது வழக்கம். முன்பெல்லாம் அது ராஜா பாட்டாக இருக்கும். 2023 முதல் ‘கோஸ்ட்ஸ் அகெய்ன்’ என்ற இங்கிலீஷ் பாட்டு. அந்த வருஷம் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்த 61 நாளும் கடை வாசல் பெஞ்சில் இடமில்லை. அப்போது கேட்க ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

என்ன பாட்டுண்ணே இது, இழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு?

டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டு. 2023 பிப்ரவரி 9-இல் வந்தது. அடுத்த மாதம் 24-ஆம் தேதி வந்த ‘மெமெண்டோ மோரி’ ஆல்பத்துக்கு முன்னோட்டமாகத் தனியாக விட்டார்கள். நம் படங்களுக்கு இப்போது ஃபர்ஸ்ட் சிங்கிள் என்று விடுகிறார்களே, அதேதான்.

இழவு வீட்டு வாடை அடிப்பது உண்மைதான். ஆல்பத்தின் பெயரே லத்தீனில் ‘நீ சாகப்போகிறவன், மறந்துவிடாதே’ என்று பொருள்படும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி, கேட்கும்போதே செருப்பை விட்டுத் தரையில் பெருவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

யாரு இவங்க? புதுப் பசங்களா?

பசங்களா? அறுபது வயசு ஆட்கள். லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸில் பாசில்டன் என்ற ஊரில் 1980-இல் சேர்ந்தவர்கள். டேவ் கான், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர், வின்ஸ் கிளார்க் என்று நாலு பேர். கிளார்க் 1981-லேயே கழன்றுகொண்டார். அதுவரை பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அவர்தான். இனி இவர்கள் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் நிறைய. அப்புறம் எழுதும் வேலையை மார்ட்டின் கோர் எடுத்துக்கொண்டார். அங்கிருந்துதான் பாட்டில் இருட்டு ஏறியது. ஆலன் வைல்டர் 1982-இல் வந்து 1995-இல் போனார். குழுவின் பெயர் ஒரு பிரெஞ்சு ஃபேஷன் பத்திரிகையின் பெயர்.

எனக்கு இவர்களைத் தெரிந்தது எப்படி என்றும் கேட்கிறார்கள். நம் கரையில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கும். அப்பா தமிழ்ச் சேவையை விடமாட்டார். அவர் தூங்கியபின் நான் முள்ளைத் திருப்பி, எந்த நிலையம் என்றே தெரியாமல் கேட்ட பாட்டுகளில் ஒன்று இவர்களுடையது. பல வருஷம் கழித்து, துபாயிலிருந்து மச்சினன் அனுப்பிய பென்டிரைவில் அதைத் திரும்பக் கேட்டபோதுதான் பெயர் தெரிந்தது.

பாடுறவரு பேரு கான்னு சொல்றாங்களே, நம்மாளா?

கீழக்கரைக்காரர் ஒருவர் கேட்டது. இல்லை. அது அவர்களுடைய குடும்பப் பெயர், எழுதும்போது நடுவில் ஒரு ‘ஹ’ வரும், உச்சரிக்கும்போது ‘கான்’ போலக் கேட்கும். 1962-இல் எஸ்ஸெக்ஸில் எப்பிங் என்ற ஊரில் பிறந்தவர். “பரவாயில்லை, குரல் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி, பழுது பார்த்த ரேடியோவை வாங்கிக்கொண்டு போனார்.

சின்த்-பாப்னா என்ன? கீபோர்டு பாட்டுதானே?

ஏறக்குறைய. ஆர்மோனியத்தில் காற்று போய் ரீடை அதிரவைக்கிறது. சின்தசைசரில் காற்றும் இல்லை, நரம்பும் இல்லை. மின்சுற்று ஓர் அலையை உண்டாக்குகிறது, இன்னொரு சுற்று அதில் வேண்டாததை வடிகட்டுகிறது, மூன்றாவது ஒன்று அது எப்படி எழுந்து எப்படி அடங்கவேண்டும் என்று தீர்மானிக்கிறது. வருகிற ஓசையை ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்கமுடியும். பிறக்கும்போதே மின்சாரமாகப் பிறக்கிற இசை. எங்கள் தொழிலுக்கு உறவுக்காரன் மாதிரி.

ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 70-களில் இந்த வழியைப் போட்டது. 70-களின் கடைசியில் இங்கிலாந்துப் பையன்கள் கிதார், டிரம்ஸ் செட் இல்லாமல் இதை வைத்தே சின்னச் சின்ன மெட்டுப் பாட்டுகள் செய்தார்கள். அதுதான் சின்த்-பாப். டெபெஷ் மோட் 1983-இல் இன்னும் ஒரு படி போனார்கள். கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போய், இரும்பையும் குழாயையும் தட்டி அந்த ஓசைகளைப் பதிவு செய்து, அவற்றைக் கீபோர்டில் ஏற்றி வாசித்தார்கள். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது தூணுக்குத் தூண் ஒரு சத்தம் மாறுமே, அதைப் பிடித்துவந்து ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி. 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. நான் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யாமலே விட்டுவிட்டேன். அந்த வருத்தம் தனி.

ராஜா சாரும் ரகுமானும் பண்ணாததா இவங்க பண்ணிட்டாங்க?

சண்டைக்கு வரவேண்டாம். ‘புன்னகை மன்னன்’ 1986. அதில் வருகிற தீம் இசையைப் போட்டு, இந்தப் பாட்டையும் பக்கத்தில் போட்டுக் கேளுங்கள்; இரண்டும் ஒரே கருவிக் குடும்பம் என்று காதே சொல்லிவிடும். ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த பையன்தான் 1992-இல் ‘ரோஜா’வோடு வந்தார். கருவியில் வித்தியாசம் இல்லை.

பழக்கத்தில்தான் வித்தியாசம். நம்மவர்கள் சின்தசைசரோடு வயலின், புல்லாங்குழல், தவில் எல்லாம் சேர்த்து, கதைக்கு வேண்டியதைச் செய்வார்கள். இவர்கள் நாற்பது வருஷமாக ஒரே மனநிலையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்கடியில் பாறைத் திட்டான ஒரே பாரில் வலை போடுகிறவன் மாதிரி. மீன் குறையும் நாள் உண்டு. ஆனால் அந்த இடம் அவனுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

‘டார்க்’னு போட்டிருக்கான். பாட்டுல என்ன இருட்டு?

எங்கள் தொழிலில் டார்க் என்ற சொல் முன்பே உண்டு. ட்ரெபிள் குமிழைக் குறைத்தால் ஓசை இருட்டும். கூட்டினால் பளிச்சென்று ஆகும். டெபெஷ் மோட் பாட்டில் உச்சத்தில் கீச்சிடுகிற ஓசைகள் குறைவு. கீழே ஒரே சீராகத் துடிக்கிற பேஸ் என்ற அடிநாதம், நடுவில் புகை மாதிரி நீளும் சின்த், அதன்மேல் கானின் கட்டைக் குரல். பல்லவியில் கோரின் மெல்லிய குரல் மேலே வந்து சேரும்போது மட்டும் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

இன்னோர் இருட்டு பேச்சில் இருப்பது. உணர்ச்சி வீணாகிறது, நேரம் நழுவுகிறது, நாமும் ஒருநாள் ஆவியாகிவிடுவோம் என்று போகிறது பாட்டு. ஆனால் அழுகை கிடையாது. பாட்டில் துக்கமும் சந்தோஷமும் சரியான அளவில் கலந்திருக்கின்றன என்று கானே சொல்லியிருக்கிறார். எனக்கு அது நம் இரண்டு கடல் மாதிரி. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல். பெண் கடல் அலையடிக்காமல் கிடக்கும். அதற்காக ஆளை இழுக்காது என்று அர்த்தமில்லை.

போன்ல கேட்டேன் மாமா, உங்க கடையில கேட்ட மாதிரி இல்லையே?

இருக்காது. போன் ஸ்பீக்கர் நகத்தளவு. பேஸ் என்பது காற்றை நிறையத் தள்ளவேண்டிய வேலை. நகத்தால் கடலை இறைக்கமுடியாது. இந்தப் பாட்டில் பாதிச் சரக்கு கீழேதான் இருக்கிறது. ஹெட்போன் போட்டால் தேவலை.

இதே காரணத்தால்தான் கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாயிலும் இது எடுபடாது. குழாய் பொதுவாக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். ஆண் குரலின் அடித்தளமே அதற்குக் கீழேதான். அதனால் கான் மூக்கடைத்துப் பாடுகிற மாதிரி கேட்கும். குழாய் என்பது பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும், ரெண்டு கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேருவதற்கும். அதைக் குறை சொல்லக்கூடாது.

நான் இந்தப் பாட்டைச் சோதனைக்கு வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். நம் உப்புக்காற்றில் முதலில் போவது ஜாக் பின், அப்புறம் ஸ்பீக்கர் கூடையின் ஓரம். துரு உள்ளே விழுந்து, கோனை ஆட்டுகிற கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் உரசினால், சத்தமான பாட்டில் அது தெரியாது. இந்தப் பாட்டில் ஒரே பேஸ் திரும்பத் திரும்ப வருவதால், மூன்றாம் சுற்றிலேயே ‘சர்’ என்று மணல் உரசுகிற மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். காதை வைக்கவேண்டாம், கோனில் விரல் நுனியை வைத்தாலே போதும்.

திரும்பி வந்துட்டாங்கனு எழுதுறாங்களே, எங்க போயிருந்தாங்க?

எங்கேயும் போகவில்லை. இதற்கு முந்தைய ஆல்பம் ‘ஸ்பிரிட்’, 2017. நடுவில் ஆறு வருஷம், அதற்குள் கொரோனா. இந்த ஆல்பத்தின் வேலை அந்தக் கொரோனா காலத்தின் தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து சாவு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாட்கள், நமக்கும் மறக்கவில்லையே. பாட்டுகளின் போக்கு அங்கிருந்து வந்தது.

இவர்கள் உண்மையிலேயே திரும்பி வந்தது வேறொரு சமயம். 1996-இல் கான் போதை மருந்து அளவு மீறி, இதயமே சற்று நேரம் நின்று பிழைத்தார். வைல்டரும் போய்விட்டிருந்தார். அதன்பிறகு 1997 பிப்ரவரியில் வந்த ‘பேரல் ஆஃப் எ கன்’ இதைவிடக் கறுப்பான பாட்டு. அதைக் கடையில் போட்டுப் பார்த்தேன். டீ கொண்டுவந்த பையன் கிளாஸை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

செத்துப்போன கூட்டாளிக்காக எழுதின பாட்டாமே?

அதிகம் தப்பாகச் சொல்லப்படுவது இதுதான். ஆண்டி ஃப்ளெட்சர் 2022 மே 26-இல், 60 வயதில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து இறந்தார். அதற்குள் பாட்டுகள் எழுதப்பட்டிருந்தன, ஆல்பத்தின் பெயரும் முடிவாகியிருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை என்று கோர் சொல்லியிருக்கிறார். ஆக, அவருக்காக எழுதியது அல்ல. இந்தப் பாட்டைக் கோர் தனியாகவும் எழுதவில்லை. சைக்கெடெலிக் ஃபர்ஸ் குழுவின் ரிச்சர்ட் பட்லரோடு சேர்ந்து எழுதினார். தயாரிப்பு ஜேம்ஸ் ஃபோர்ட், கூட மார்த்தா சலோனி.

ஆனால் ‘அவருக்காக எழுதவில்லை’ என்பதோடு பேச்சு முடிகிறதா? போன வருஷம் படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர் இறந்தார். இழவு வீட்டுக்கு மைக்செட் நான்தான். ஒப்பாரிப் பாட்டு போட்டேன். மூத்த மகன் வந்து, “அண்ணே, அதை நிறுத்துங்க. அப்பா இன்ஜினைப் பிரிக்கும்போது பாடுற எம்.ஜி.ஆர். பாட்டு ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க” என்றான். அது காதல் பாட்டு. போட்டேன். அதுவரை ஒரு மூலையில் குந்தி மரமாக இருந்த மெக்கானிக்கின் தம்பி, முதல் சரணத்தில் உடைந்துபோய்விட்டார். அந்தப் பாட்டை எழுதியவருக்கு மண்டபம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? ஆனால் அன்றிலிருந்து அது அந்த வீட்டில் மெக்கானிக் பாட்டு. ‘கோஸ்ட்ஸ் அகெய்ன்’ ஃப்ளெட்சர் பாட்டாக ஆனதும் இந்த வழியில்தான்.

அந்த ஃப்ளெட்சர் பாடவும் மாட்டாராம், எழுதவும் மாட்டாராம். அப்ப என்னதான் பண்ணினாரு?

மேடையில் கீபோர்டு முன்னால் நிற்பார். அவர் வாசித்தது குறைவு என்று ரசிகர்களே கேலி செய்வார்கள். ஆனால் கணக்கு வழக்கு, பேச்சுவார்த்தை, கானுக்கும் கோருக்கும் முட்டிக்கொண்டால் நடுவில் புகுவது எல்லாம் அவர் தலையில்தான். கோருக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி வேறு. விசைப்படகில் படகை ஓட்டுகிற ஸ்ராங்கு இருப்பார், வலை இழுக்க ஆள் இருக்கும். ஐஸ், டீசல், கடலுக்குப் போக வாங்கும் டோக்கன் என்று கரையிலேயே ஓடிக்கொண்டு ஒருத்தர் இருப்பார். அவர் கடலுக்குப் போகமாட்டார். அவர் ஒருநாள் வராவிட்டால் படகும் போகாது.

வீடியோவுல ரெண்டு பெரிய மனுஷங்க மொட்டை மாடியில செஸ் ஆடுறாங்களே, அது எதுக்கு?

மீதமிருக்கிற இரண்டு பேர் அவர்கள்தான், கானும் கோரும். கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் ஆன்டன் கோர்பைன், 1986-இலிருந்து இவர்களைப் படம் பிடிப்பவர். சுவீடனின் இங்மார் பெர்க்மன் 1957-இல் எடுத்த ‘தி செவன்த் சீல்’ படத்தில் ஒரு போர்வீரன் கடற்கரையில் மரணத்தோடு சதுரங்கம் ஆடுவான். அதற்கு வைத்த வணக்கம் இது.

பார்த்தபோது எனக்குச் சதுரங்கத்தைவிட உறுத்தியது வேறு. இரண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தில் நடுவர் நாற்காலி காலி. முந்தைய பதிலைப் படித்திருந்தால் புரியும். இயக்குநர் அப்படி நினைத்து எடுத்தாரா என்று கேட்காதீர்கள், இது நான் பார்த்தது.

பேய்ப் பாட்டுதானே, தனுஷ்கோடி ரீலுக்கு வைக்கலாமா?

வைக்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். இடிந்த சர்ச், ஓடுகிற மேகம், நடுவில் கூலிங் கிளாஸ். சட்டப்படி என்ன என்பது உங்களுக்கும் அந்த ஆப்புக்கும் உள்ள பேச்சு. எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பில் இருப்பது பயமுறுத்துகிற பேய் இல்லை. தமிழில் பேய் வேறு, ஆவி வேறு. போய்ச் சேர்ந்தவர்கள் வேறு. இந்தப் பாட்டு மூன்றாவதைப் பற்றியது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தபோது தனுஷ்கோடிக்குப் போன ரயிலோடு போனவர்களும், வீட்டில் படுத்திருந்தவர்களும் போய்ச் சேர்ந்தவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் இருக்கிறார்கள். என் கடைக்கு பேட்டரி சார்ஜ் போட வருகிற ஒரு பெரியவர், 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகும் அங்கே போனதில்லை. “அங்க என்னத்தப் பார்க்க” என்பார். அவ்வளவுதான்.

அது ஏன் ‘மறுபடியும்’? நாம முன்னாடி ஆவியா இருந்தோமா?

கேட்டது ப்ளஸ் டூ படிக்கிற பெண். இதுவரை வந்ததில் நல்ல கேள்வி இதுதான். தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘மறுபடியும் ஆவிகள்’. மறுபடியும் என்றால் ஏற்கெனவே ஒருமுறை ஆகியிருக்கவேண்டும்.

எனக்குப் படுவது இது. பிறப்பதற்கு முன்னால் நாம் இல்லை. போனபிறகும் இல்லை. நடுவில் கொஞ்ச காலம் உடம்போடு நடமாடுகிறோம். வந்த இடத்துக்குத் திரும்பிப் போவதற்கு ‘மறுபடியும்’ சரியான சொல்தானே. இதைச் சொன்னதும் அந்தப் பெண், “எங்க அப்பத்தா தினமும் இதைத்தான் சொல்லுது, அதுக்கு யாரும் சிங்கிள் விடலையே” என்றாள்.

சாவைப் பத்தின பாட்டுன்னா அப்புறம் எப்படி கால் ஆடுது?

முதல் கேள்வியில் பாக்கி வைத்தது. வேகமான பாட்டு, தாளம் நிற்பதே இல்லை, நாலு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மெதுவாக அழுதால்தான் துக்கம் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. சாவு மேளத்தை நினைத்துப் பாருங்கள். பறை ஏறினால் பாடைக்கு முன்னால் ஆடாத இளவட்டம் உண்டா? ஆடுகிறவனுக்குத் துக்கம் இல்லையா? எனக்குத் தெரிந்து, அதிகம் ஆடியவன்தான் மறுநாள் கடைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

90-லேயே அவங்க முடிஞ்சுட்டாங்கன்னு எங்க அண்ணன் சொல்றான்?

‘வயலேட்டர்’ 1990-இல் வந்தது, அதைத் தாண்டவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். முடிந்துவிட்டார்கள் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2000-க்குப் பிறகு வந்த ஆல்பங்கள் சிலவற்றில் எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் தேறாது என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பாட்டு அந்தக் கணக்கில் வராது. அண்ணனைக் கடைக்கு அனுப்பு தம்பி, பதினைந்து இஞ்ச் பாக்ஸில் போட்டுக் காட்டுகிறேன்.

எங்க வீட்டு விசேஷத்துக்கு இதைப் போடுவீங்களா?

மாட்டேன். ஒருமுறை உச்சிப்புளிப் பக்கம் காதுகுத்து. விடியற்காலை பாக்ஸ் சோதிக்க இதைப் போட்டுவிட்டு, போனை மிக்ஸரிலேயே சொருகி மறந்துவிட்டேன். பட்டியலில் அடுத்து விநாயகர் பாட்டு இருக்கும் என்று நினைப்பு. தாய்மாமன் சீர்த்தட்டோடு வாசலில் ஏறுகிற நேரம் பார்த்து, கானின் குரல் கிளம்பியது. நான் பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து நிறுத்துவதற்குள் பல்லவியே வந்துவிட்டது. பொருள் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை, தப்பித்தேன்.

அப்பத்தா ஒன்று மட்டும் தட்டிலிருந்த வெற்றிலையைச் சரிசெய்தபடி, “என்னடா, நல்லாத்தான போய்க்கிட்டு இருந்துச்சு, ஏன் அமத்துன?” என்றது. இப்போது சோதனைப் பாட்டுக்குத் தனியாக ஒரு சிவப்பு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அது கடையை விட்டு வெளியே வராது.